நீளம் பூஜ்யம் ஆன அம்பு!

ஓர் அம்பு இருக்கிறது. அதை அளந்து பார்த்தால் நீளம் பூஜ்யம் என்று விடை வருகிறது!

இன்னோர் அம்பு. அதை அளந்தால் விடை பூஜ்யத்துக்கும் கீழே போகிறது!

இருக்கிற பொருளுக்கு நீளம் இல்லாமல் போகுமா? ஒரு வகைக் கணக்கில் போகும். அளக்கும் முறை தெரியாமல் அளந்தால் போகும். அதைச் சரி செய்ய ஒரே ஒரு சின்ன வேலை போதும். ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான்!

இந்தச் சின்னக் குறி மாற்றம் இல்லாவிட்டால் இன்றைய அணு விஞ்ஞானம் இல்லை. அதன் கதையில் ஓர் இத்தாலிய வைத்தியர் வருகிறார். கால் ஊனத்தால் கல்லூரியை விட்டுப் போன ஒரு மாணவர் வருகிறார். சொந்த நாட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஒரு பேராசிரியரும் வருகிறார்.

மளிகைக் கடைக் கணக்கு

முதலில் மளிகைக் கடைக்குப் போவோம்.

2 கிலோ பருப்பு, 3 கிலோ சர்க்கரை, 1 கிலோ புளி வாங்குகிறோம். கடைக்காரர் என்ன செய்கிறார்? பருப்பின் எடையைப் பருப்பின் விலையால் பெருக்குகிறார். சர்க்கரையின் எடையைச் சர்க்கரை விலையால் பெருக்குகிறார். புளிக்கும் அப்படியே. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, "இவ்வளவு ஆயிற்று" என்கிறார்.

இரண்டு வரிசைகள். ஒன்று எடை வரிசை. மற்றொன்று விலை வரிசை. அதனதன் ஜோடியைப் பெருக்கிக் கூட்டினால் ஒரே ஓர் எண் கிடைக்கிறது. இதற்குக் கணித நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் "உட்பெருக்கல்". எண்களின் வரிசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "வெக்டர்". பெயர்தான் பெரிது. வேலை கடைக்காரர் தினமும் செய்கிற வேலைதான்.

இனி வீடு கட்டும் இடத்துக்குப் போவோம். சுவரின் மூலை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் பார்க்கிறார். ஒரு சுவரில் 3 அடி அளந்து ஒரு குறி போடுகிறார். அடுத்த சுவரில் 4 அடி அளந்து ஒரு குறி போடுகிறார். இரண்டு குறிகளுக்கும் குறுக்கே நூல் பிடிக்கிறார். நூல் 5 அடி இருந்தால் மூலை சரி!

எப்படி 5 வந்தது? 3ஐ 3ஆல் பெருக்கினால் 9. 4ஐ 4ஆல் பெருக்கினால் 16. இரண்டையும் கூட்டினால் 25. எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 25 வரும்? 5.

இதுவும் மளிகைக் கணக்குத்தான்! "3, 4" என்ற வரிசையை அதே வரிசையால் உட்பெருக்கல் செய்தால் 25. அதன் வர்க்கமூலம் 5. அதுவே நீளம். ஆக, ஒரு வரிசையின் நீளத்தைக் காண, அதை அதனாலேயே பெருக்கிக் கூட்ட வேண்டும். இரண்டு வெவ்வேறு வரிசைகளைப் பெருக்கிக் கூட்டும்போது பூஜ்யம் வந்தால், அந்த இரண்டு அம்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன என்று பொருள்.

இதுவரை வம்பு ஏதும் இல்லை. வம்பு செய்ய ஓர் எண் வந்தது!

வைத்தியர் கண்ட ஜோடி

இத்தாலியில் மிலான் நகரில் கார்டானோ என்ற வைத்தியர் இருந்தார். பெரிய கணிதப் புலி. சூதாட்டத்திலும் ஆசை உள்ளவர். 1545ம் ஆண்டில் அவர் "ஆர்ஸ் மாக்னா" என்ற கணித நூலை வெளியிட்டார். அதில் ஒரு கேள்வி.

10ஐ இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். இரண்டு பங்கையும் பெருக்கினால் 40 வர வேண்டும்.

முயன்று பாருங்கள். 5ம் 5ம் என்று பிரித்தால் 25 வரும். 6ம் 4ம் என்றால் 24. 9ம் 1ம் என்றால் 9. எப்படிப் பிரித்தாலும் 25க்கு மேல் போகாது. 40 வரவே வராது!

கார்டானோ விடவில்லை. ஒரு பங்கு "5 கூட்டல் மைனஸ் 15ன் வர்க்கமூலம்" என்றார். மற்றது "5 கழித்தல் மைனஸ் 15ன் வர்க்கமூலம்" என்றார். கூட்டினால் 10 வருகிறது. பெருக்கினால் 25ம் 15ம் சேர்ந்து 40 வருகிறது!

ஆனால் மைனஸ் 15க்கு வர்க்கமூலம் ஏது? எந்த எண்ணையும் அதே எண்ணால் பெருக்கினால் மைனஸ் வராதே! கார்டானோவுக்கே இதில் நிம்மதி இல்லை. நுட்பமான விஷயம், ஆனால் எதற்கும் உதவாது என்று அவர் ஒதுக்கி விட்டார். 1637ல் பிரெஞ்சு அறிஞர் தெக்கார்த் இவற்றைக் "கற்பனை" எண்கள் என்று அழைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக் கொண்டது.

கார்டானோவின் இரண்டு பங்குகளையும் இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. நடுவில் உள்ள குறி மட்டும் மாறியிருக்கிறது. ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். இந்த ஜோடி பெருக்கிக் கொண்டதும் கற்பனைப் பகுதி மறைந்து, சாதாரண 40 கைக்கு வந்து விட்டது. எதற்கும் உதவாது என்று வைத்தியர் ஒதுக்கிய அந்த ஜோடிதான் இந்தக் கதையின் கதாநாயகன்.

இடது பக்கம் திரும்பு!

மைனஸ் 1ன் வர்க்கமூலத்தைக் கணித நிபுணர்கள் ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கிறார்கள். தமிழில் அதை "ஐ" என்று எழுதுவோம். ஐயை ஐயால் பெருக்கினால் மைனஸ் 1. இதுதான் அதன் குணம்.

இது என்ன பொருள்? டென்மார்க்கில் நிலம் அளக்கும் வேலை பார்த்த வெஸ்ஸல் என்பவர் 1797ல் இதற்கு ஓர் அழகான விளக்கம் கண்டார். 1806ல் பாரிசில் ஆர்கான் என்பவரும் அதையே சொன்னார்.

போலீஸ் அணிவகுப்பை நினைத்துக் கொள்ளுங்கள். "இடது பக்கம் திரும்பு!" என்றால் சிப்பாய் கால் வட்டம் திரும்புகிறான். மறுபடியும் "இடது பக்கம் திரும்பு!" என்றால் முதலில் நின்ற திசைக்கு நேர் எதிராக நிற்கிறான். ஐ என்பது அந்த ஒரு கட்டளை. இரண்டு முறை கட்டளையிட்டால் நேர் எதிர்த் திசை. அதுதான் மைனஸ் 1! இதில் மந்திரம் எங்கே இருக்கிறது?

சாதாரண எண்ணும் ஐயும் கலந்தது "கலப்பெண்". உதாரணமாக, 3 + 4ஐ. கிழக்கே 3 அடி நடந்து, இடது பக்கம் திரும்பி, 4 அடி நடந்தால் வரும் இடம் அது. புறப்பட்ட இடத்திலிருந்து நேராக அளந்தால் 5 அடி. கொத்தனாரின் அதே 5!

இப்போது வம்பைப் பாருங்கள். 1, ஐ என்று ஒரு வரிசையை எடுத்துக் கொள்வோம். நீளம் காண்போம். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் 1. ஐயை ஐயால் பெருக்கினால் மைனஸ் 1. கூட்டினால் பூஜ்யம்! கண் எதிரே இருக்கிற அம்புக்கு நீளம் இல்லை!

1, 2ஐ என்ற வரிசை இன்னும் மோசம். 1லிருந்து 4 போய் மைனஸ் 3. கொத்தனாரிடம் சொன்னால் மட்டப் பலகையைத் தூக்கிப் போட்டு விட்டுப் போய் விடுவார்.

என்ன செய்யலாம்? கார்டானோவின் ஜோடியைக் கூப்பிட வேண்டும். 3 + 4ஐக்கு ஜோடி 3 - 4ஐ. பாடப் புத்தகத்தில் இதை "இணைக் கலப்பெண்" என்று எழுதியிருப்பார்கள். ஓர் எண் இடது பக்கம் எவ்வளவு திரும்புகிறதோ, அதன் ஜோடி வலது பக்கம் அவ்வளவு திரும்பும். இரண்டையும் பெருக்கினால் திருப்பம் திருப்பத்தோடு போய் விடும். நீளம் மட்டும் நிற்கும். 3 + 4ஐயை 3 - 4ஐயால் பெருக்கிப் பாருங்கள். 9ம் 16ம் சேர்ந்து 25!

ஆகவே, கலப்பெண் வரிசையை அளக்கும்போது அதை அதனாலேயே பெருக்கக் கூடாது. அதன் ஜோடியால் பெருக்க வேண்டும். 1, ஐ என்ற வரிசைக்கு ஜோடி 1, மைனஸ் ஐ. பெருக்கிக் கூட்டினால் 1ம் 1ம் 2. நீளம் 2ன் வர்க்கமூலம். 1, 2ஐ வரிசைக்கு 1ம் 4ம் 5. எல்லாம் சரியாகி விட்டது! எல்லா இடத்திலும் பூஜ்யமே இருக்கிற வரிசையைத் தவிர, வேறு எந்த வரிசைக்கும் இனி நீளம் பூஜ்யம் ஆகாது.

இரண்டு வெவ்வேறு வரிசைகளைப் பெருக்கும்போது எந்த வரிசையின் குறியை மாற்றுவது? கணிதக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மாற்றுகிறார்கள். பௌதிகக்காரர்கள் முதலாவதை மாற்றுகிறார்கள். இந்தப் பங்காளிச் சண்டை இன்னும் தீரவில்லை. நல்ல வேளை, எப்படிச் செய்தாலும் நீளம் மாறாது!

கல்லூரியை விட்டுப் போனவர்

ஜோடியாகப் பெருக்கும் இந்தக் கணக்கு இன்று ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயரால் வழங்குகிறது. அவர் சார்லஸ் ஹெர்மீட்.

1822ல் பிரான்சில் லொரேன் பகுதியில் உள்ள தியூஸ் என்ற ஊரில் பிறந்தார். பிறவியிலேயே வலது கால் ஊனம். வாழ்நாள் முழுவதும் கைத்தடி ஊன்றியே நடந்தார். பரீட்சைகளில் அவருக்கு நாட்டம் இல்லை. பெரிய கணித மேதைகளின் நூல்களைத் தேடித் தேடிப் படிப்பதில்தான் ஆசை. 1842ல் பாரிசின் புகழ் பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். நுழைவுப் பரீட்சையில் 68வது இடம்.

ஒரு வருஷம் ஆயிற்று. "கால் ஊனமுள்ளவர் இங்கே தொடர்ந்து படிக்க முடியாது" என்று நிர்வாகம் கையை விரித்து விட்டது! அது ராணுவக் கட்டுப்பாடு உள்ள கல்லூரி. செல்வாக்கு உள்ள சிலர் அவருக்காக வாதாடினார்கள். உத்தரவு மாற்றப்பட்டது. ஆனால் கூடவே கடுமையான நிபந்தனைகள் வந்தன. ஹெர்மீட் அவற்றை ஏற்கவில்லை. பட்டம் வாங்காமலே வெளியேறினார். 20 வயது இளைஞருக்கு அது எவ்வளவு பெரிய அடி!

அவர் கணக்கை விடவில்லை. 1843லேயே ஜெர்மனியின் பெரிய கணித மேதை யாக்கோபிக்குக் கடிதம் எழுதித் தம் கண்டுபிடிப்புகளைத் தெரிவித்தார். யாக்கோபி அந்த இளைஞரை மதித்துப் பதில் எழுதினார்.

1848ல் ஹெர்மீட்டுக்கு வேலை கிடைத்தது. எங்கே தெரியுமா? அதே எக்கோல் பாலிடெக்னிக்கில்! என்ன வேலை? புதிய மாணவர்களைப் பரீட்சை செய்து சேர்க்கும் வேலை! பின்னால், 1869ல், அங்கேயே பேராசிரியரும் ஆனார்.

1855ல் அவர் ஓர் உண்மையை நிரூபித்தார். எண்களைக் கட்டம் கட்டமாக எழுதிய ஓர் அட்டவணையை எடுத்துக் கொள்ளுங்கள். மேல் வரிசையில் 2, ஐ. கீழ் வரிசையில் மைனஸ் ஐ, 2. ஐயும் மைனஸ் ஐயும் மூலைக்கு மூலை எதிராக நிற்கின்றன. அவை ஒன்றுக்கொன்று ஜோடி. குறுக்குக் கோட்டில் உள்ள இரண்டும் சாதாரண எண்கள்.

இப்படிப்பட்ட அட்டவணை ஓர் அம்பின் மீது வேலை செய்தால், அம்பு பொதுவாகத் திசை மாறும், நீளம் மாறும். சில அம்புகள் மட்டும் திசை மாறாமல், நீண்டோ சுருங்கியோ நிற்கும். எத்தனை மடங்கு? மேலே சொன்ன அட்டவணைக்கு 1 மடங்கு அல்லது 3 மடங்கு. அட்டவணைக்குள் ஐ இருக்கிறது. விடையில் ஐ இல்லை! ஜோடி முறையில் அமைந்த எந்த அட்டவணைக்கும் இப்படியே சாதாரண எண்தான் விடையாக வரும் என்று ஹெர்மீட் காட்டினார்.

நீளம் பூஜ்யம் என்று நம்மை ஏமாற்றிய "1, ஐ" அம்பு நினைவிருக்கிறதா? இந்த அட்டவணைக்கு 1 மடங்கு தரும் அம்பு அதுவேதான்!

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று அந்த நாளில் கேட்டிருந்தால் பதில் சொல்லக் கடினம். ஹெர்மீட் 1901 ஜனவரியில் காலமானார். லாபம் அதற்கு 24 ஆண்டுகள் கழித்து வந்தது.

மின்சாரத்தில் ஐ

அதற்கு முன்பே, ஐ நம் வீட்டு மின்சாரத்தில் நுழைந்து விட்டது. அதை நுழைத்தவர் ஸ்டெயின்மெட்ஸ். கூன் விழுந்த முதுகு, குள்ள உருவம். ஜெர்மனியில் அரசியல் தொல்லை. 1889ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். நியூயார்க்கில் அதிகாரிகள் அவர் உடலைப் பார்த்துத் திருப்பி அனுப்ப இருந்தார்கள். உடன் வந்த நண்பர் பொறுப்பு ஏற்றதால் உள்ளே விட்டார்கள். நான்கே ஆண்டுகளில், 1893ல், மாறு மின்சாரத்தைக் கலப்பெண்களால் கணக்கிடும் முறையை அவர் விளக்கினார்.

230 வோல்ட் மின்சாரத்தில் ஒரு மோட்டார் 5 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 1150. அவ்வளவு வாட் செலவாகிறதா? இல்லை! மோட்டாரில் கரெண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்கி வரும். 60 டிகிரி பின்தங்கினால் உண்மைச் செலவு 575 வாட்தான். மின் பொறியாளர்கள் வோல்டேஜைக் கரெண்டின் ஜோடி எண்ணால் பெருக்குகிறார்கள். விடையில் ஐ சேராத பகுதியே உண்மைச் செலவு. அது இந்த 575!

அடிக்குறிப்பில் வந்த புரட்சி

1925 ஜூன் மாதம். ஹைசன்பர்க் என்ற 23 வயது ஜெர்மன் விஞ்ஞானிக்கு மகரந்தத் தும்மல் நோய். மூச்சு விட முடியாமல் ஹெலிகோலாந்து என்ற தீவுக்குப் போனார். அங்கே அணுவுக்குள் நடப்பதைக் கணக்கிட ஒரு புது வழி கண்டார். அவர் எழுதியதைப் படித்த கோட்டிங்கன் பேராசிரியர் மாக்ஸ் பார்ன், "இது அட்டவணைக் கணக்கு அல்லவா!" என்று கண்டு கொண்டார். ஹெர்மீட்டின் அட்டவணைகள்தான்! அணுவை அளந்தால் சாதாரண எண்தானே கிடைக்க வேண்டும்? அந்த உறுதியை ஹெர்மீட் 1855லேயே கொடுத்திருந்தார்.

அடுத்த ஆண்டு ஸூரிச் நகரில் ஷ்ரோடிங்கர் அலைக் கணக்கு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலும் ஐ வந்து உட்கார்ந்தது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. கலப்பெண் வருவது சங்கடம் என்று ஒரு கடிதத்தில் குறைப்பட்டுக் கொண்டார். அந்த அலை எதைக் குறிக்கிறது என்பதும் தெளிவாகவில்லை.

பார்ன் விடை சொன்னார். எலெக்ட்ரான் ஓர் இடத்தில் அகப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அந்த அலை சொல்கிறது என்றார். 1926 ஜூனில் கட்டுரையை அனுப்பினார். அதில் வாய்ப்பை அலையின் எண்ணே தரும் என்று எழுதி விட்டார். எண் மைனஸ் ஆனால்? ஐ ஆனால்? வாய்ப்பு மைனஸ் ஆக முடியுமா? அச்சுப் பிழை திருத்தும் சமயத்தில்தான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. அடியில் ஒரு குறிப்புச் சேர்த்தார். எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது, வர்க்கத்தை எடுக்க வேண்டும் என்றார். கலப்பெண் ஆகும்போது, அது எண்ணையும் அதன் ஜோடியையும் பெருக்குவதுதான்!

பௌதிகத்தின் ஒரு பெரிய விதி இப்படி அடிக்குறிப்பாக உலகத்துக்கு வந்தது.

ஓர் எலெக்ட்ரானுக்கு இரண்டே நிலை என்று வைத்துக் கொள்வோம். மேல், கீழ். அதன் வரிசை 1, 2ஐ. ஜோடியால் பெருக்கினால் 1, 4. மொத்தம் 5. மேலே அகப்பட ஐந்தில் ஒரு வாய்ப்பு. கீழே அகப்பட ஐந்தில் நான்கு. ஜோடி இல்லாமல் பெருக்கியிருந்தால் மொத்தம் மைனஸ் 3! எலெக்ட்ரான் எங்குமே இல்லை என்பதை விடக் கேவலமான விடை!

கற்பனை எண் இல்லாமலே இந்த விஞ்ஞானத்தை எழுத முடியுமா? 2021ல் ஒரு விஞ்ஞானிக் குழு இதைச் சோதிக்க வழி சொன்னது. தாங்கள் எடுத்துக் கொண்ட நிபந்தனைகளின்படி, சாதாரண எண் மட்டும் உள்ள கணக்கு ஒரு விடை தரும், கலப்பெண் கணக்கு வேறு விடை தரும் என்று காட்டினார்கள். தொடர்ந்து நடந்த சோதனைகளில் கலப்பெண் பக்கமே வென்றது.

பார்னுக்கு என்ன ஆயிற்று? 1933ல் ஹிட்லர் ஆட்சி வந்தது. யூதர் என்பதற்காகப் பார்ன் கோட்டிங்கன் பதவியை இழந்தார். குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். நிலையான வேலை இல்லை. அப்போது பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டராக இருந்தவர், திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமன். அவர் பார்னை அழைத்தார். 1935 - 36ல் சுமார் ஆறு மாதம் பார்ன் பெங்களூரில் பாடம் சொன்னார். அவரை நிரந்தரமாக அங்கேயே வைத்துக் கொள்ள ராமன் பாடுபட்டார். நடக்கவில்லை. 1936ல் பார்ன் எடின்பரோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஹைசன்பர்க்குக்கும் ஷ்ரோடிங்கருக்கும் நோபல் பரிசு 1933லேயே வழங்கப்பட்டது. பார்னுக்கு வரவில்லை. அவர் காத்திருந்தார். 1954 டிசம்பர் 10ந் தேதிதான் அவர் கைக்குப் பரிசு வந்தது. மறுநாள் அவருக்கு 72 வயது.

1970 ஜனவரியில் கோட்டிங்கன் நகரில் பார்ன் இறந்தார். அங்கே அவருடைய கல்லறையில் ஒரு சமன்பாடு செதுக்கப்பட்டிருக்கிறது. அட்டவணைக் கணக்கில் பிறந்த ஒற்றை வரி. அதில் கோட்டுக்குக் கீழே, கடைசியாக நிற்கிற எழுத்து ஐ.